பேக்கர்ஸ் குவாட்டர்பேக்குகளில் முதலிடம் யாருக்கு? ஒரு அணியின் வரலாற்றை வரிசைப்படுத்த முழுமையான வழிகாட்டி

1992 முதல் 2022 வரை 31 சீசன்கள். இத்தனை காலத்திலும் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முதன்மைக் குவாட்டர்பேக்காக இருந்தவர்கள் இரண்டே பேர்: பிரெட் ஃபார்வ், அவருக்குப் பின் ஏரன் ராட்ஜர்ஸ். இருவரும் சேர்ந்து வாங்கிய எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருதுகள் மட்டும் 7. இவர்களுக்கு முன்பே, 1960களில், பார்ட் ஸ்டார் என்ற அமைதியான மனிதர் அதே ஊருக்கு 5 சாம்பியன் பட்டங்களை வாங்கித் தந்திருக்கிறார்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் கிரீன் பே. அணி 1919இல் தொடங்கியது. முதலாளி என்று ஒருவர் கிடையாது. பங்கு வாங்கிய ரசிகர்கள்தான் உரிமையாளர்கள். இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு பெரிய பெயர்கள் குவிந்திருப்பதால்தான், குவாட்டர்பேக்குகளை வரிசைப்படுத்திப் பழக பேக்கர்ஸைவிட நல்ல அணி எனக்குத் தெரியவில்லை. இங்கே வேலை செய்யும் முறை வேறு எந்த அணிக்கும் வேலை செய்யும்.

அமெரிக்கக் கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் போவது குவாட்டர்பேக்கின் கைக்கு. பெரிய உடம்புக்காரர்கள் தன்னை நோக்கிப் பாய்ந்து வரும்போது, இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும்: பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து ஓடச் சொல்வதா, தூரத்தில் ஓடுபவருக்கு எறிவதா, தானே ஓடுவதா. எறிந்த பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் தன் ஆள் பிடித்தால் டச்டவுன். எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். இந்த இரண்டு சொல் தெரிந்தால் கீழே உள்ளதைப் படிக்கப் போதும்.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?

பெயர்களை எழுதும் முன் கேள்வியை எழுதி வையுங்கள். "சிறந்த குவாட்டர்பேக்" என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பந்தை மிக நன்றாக எறிந்தவர் யார்? அணிக்கு அதிகம் கொடுத்தவர் யார்? ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும் என்றால் யார் கையில் பந்தைக் கொடுப்பீர்கள்?

பேக்கர்ஸைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஒரே பதில் வராது. முதல் கேள்விக்கு ராட்ஜர்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவதற்கு ஸ்டார். இரண்டாவதில்தான் சண்டை. நான் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியை: பேக்கர்ஸ் சட்டையில் இருந்த காலத்தில், தன் காலத்து ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்று, அணிக்கு எவ்வளவு கொடுத்தார்? நீங்கள் வேறு கேள்வியை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் பாதி வழியில் கேள்வியை மாற்றக் கூடாது. பெரும்பாலான வாக்குவாதங்கள் கெட்டுப்போவது இங்கேதான்: ஒருவர் திறமையைப் பேசுவார், இன்னொருவர் பட்டங்களைப் பேசுவார், இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

படி 2: யார் உள்ளே, யார் வெளியே

பேக்கர்ஸ் காலம் மட்டுமே கணக்கு. ஃபார்வ் 2009இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய் 33 டச்டவுன், வெறும் 7 இன்டர்செப்ஷன் என்று அருமையாக ஆடினார். பேக்கர்ஸையே அந்த ஆண்டு இரண்டு முறை தோற்கடித்தார். கிரீன் பேயில் பலருக்கு அது இன்னும் ஆறாத வடு. ஆனால் வரிசைக்கு அது கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அதேபோல ஸ்டார் 1975 முதல் 1983 வரை அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது சோபிக்கவில்லை. அதையும் வெளியே வையுங்கள்.

அடுத்தது, குறைந்தபட்ச ஆட்டக் கணக்கு. நான் வைப்பது இரண்டு முழு சீசன். இது எதற்கு என்று கேட்டால் மாட் ஃப்ளின்னைக் காட்டுவேன். 2012 ஜனவரி 1 அன்று ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஃப்ளின்னை இறக்கினார்கள். டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக 480 யார்டு, 6 டச்டவுன், 45-41 வெற்றி. பேக்கர்ஸ் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் அதைத் தாண்டி யாரும் எறியவில்லை. ராட்ஜர்ஸ்கூடப் பின்னால் சமன் செய்ததோடு சரி. அற்புதமான பகல் அது. ஆனால் ஒரு பகலை 15 ஆண்டுகளோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்த விதி ஜான் ஹாடலையும் வெளியே தள்ளிவிடும்; அவர் பேக்கர்ஸுக்கு ஆடியது ஏறக்குறைய ஒன்றரை சீசன்தான். 1974இல் அவருக்காக அணி 5 டிராஃப்ட் தேர்வுகளை (கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) கொடுத்தது. இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று. கிடைத்தது 9 டச்டவுன், 29 இன்டர்செப்ஷன். அந்தப் பேரத்தின் சுமை பல ஆண்டுகள் அணியை அழுத்தியது.

படி 3: காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் போடும் வரிசை எதுவும் நிற்காது. நான் பேக்கர்ஸ் வரலாற்றை நான்காக வெட்டுகிறேன்.

முதல் பகுதி 1946 வரை. அன்று "குவாட்டர்பேக்" என்ற பெயர் கொண்டவரின் முக்கிய வேலை எதிராளியை மறிப்பது. பந்தை எறிந்தவர் அவருக்குப் பின்னால் நின்ற ஹாஃப்பேக். எனவே ஆர்னி ஹெர்பரும் செசில் இஸ்பெலும் ஏட்டின்படி குவாட்டர்பேக்கே இல்லை. ஆனால் இன்று குவாட்டர்பேக் செய்யும் வேலையை அன்று செய்தவர்கள் அவர்கள்தான். பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தால் இருவரும் உள்ளே வருகிறார்கள். 1933க்கு முன் முன்னோக்கி எறிய வேண்டுமென்றால் கோட்டிலிருந்து 5 யார்டு பின்னால் நின்றே எறிய வேண்டும் என்ற விதியும் இருந்தது. பந்தும் இன்றைக்கு இருப்பதைவிடப் பருமன்.

இரண்டாம் பகுதி 1947 முதல் 1977 வரை. குவாட்டர்பேக் நேராக மையத்துக்குப் பின்னால் வந்து நின்றார், இன்று நாம் பார்க்கும் வடிவம் வந்தது. ஆனால் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தற்காப்பாளர் மைதானம் முழுக்க இடித்துத் தடுக்கலாம். 1978இல் அது மாறியது. 5 யார்டுக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்றார்கள். குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்காரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. எறிவது ஒரே இரவில் எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கதவு திறந்தது அப்போதுதான்.

மூன்றாம் பகுதி 1978 முதல் 2003 வரை, நான்காவது அதற்குப் பின். 2004இல் அந்த 5 யார்டு விதியை நடுவர்கள் கறாராக அமல்படுத்த ஆரம்பித்தார்கள். குவாட்டர்பேக்கின் தலையையும் முழங்காலையும் காக்கும் விதிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஆட்டங்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். 1947 முதல் 1960 வரை சீசனுக்கு 12, பின் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. "ஒரு சீசனில் 4,000 யார்டு" என்ற சொல்லுக்கு இந்த நான்கு காலத்திலும் ஒரே பொருள் இல்லை.

படி 4: எண்களை அவரவர் காலத்துக்குள் வைத்துப் பாருங்கள்

முதலில் பச்சை எண்களை எழுதுவோம். ஸ்டார்: 24,718 யார்டு, 152 டச்டவுன், 138 இன்டர்செப்ஷன். ஃபார்வ்: 61,655 யார்டு, 442 டச்டவுன், 286 இன்டர்செப்ஷன். ராட்ஜர்ஸ்: 59,055 யார்டு, 475 டச்டவுன், 105 இன்டர்செப்ஷன்.

இதை மட்டும் பார்த்தால் ஸ்டார் பேச்சுக்கே வரமாட்டார். ராட்ஜர்ஸ் ஒரு இன்டர்செப்ஷனுக்கு நான்கரை டச்டவுன் எறிந்திருக்கிறார். ஸ்டார் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. புதிதாக வருபவர்கள் இந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நான் காட்டுவது இரண்டு சீசன்களை. 1966இல் ஸ்டார் 251 முறை எறிந்தார். 2011இல் ராட்ஜர்ஸ் 502 முறை எறிந்தார். சரியாக இரண்டு மடங்கு. ஸ்டாருக்கு 3 இன்டர்செப்ஷன், ராட்ஜர்ஸுக்கு 6. அதாவது பந்தை எதிரி கையில் கொடுக்காத விகிதம் இருவருக்கும் துல்லியமாக ஒன்றே. ஒரு எறிக்குக் கிடைத்த யார்டும் கிட்டத்தட்ட சமம், இருவருக்கும் சுமார் 9. ராட்ஜர்ஸ் ஆடிய காலத்தில் லீக் முழுவதும் எறிந்த பந்துகளில் ஐந்தில் மூன்று பங்கு சர்வசாதாரணமாகப் பிடிபட்டன. ஸ்டார் ஆடிய காலத்தில் பாதியைச் சற்றே தாண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஸ்டார் அந்த ஆண்டு 62 சதவீதம் பிடிபட எறிந்தார். 1966க்கான எம்விபி அவருக்குப் போனதில் வியப்பில்லை.

ஆனால் அதே ஒப்பீட்டில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டச்டவுன்: ஸ்டாருக்கு 14, ராட்ஜர்ஸுக்கு 45. மடங்கைக் கழித்துப் பார்த்தாலும் ராட்ஜர்ஸ் வெகு மேலே. 1960களின் பேக்கர்ஸ் எல்லைக்கோட்டுக்கு அருகில் போனதும் பந்தை ஜிம் டெய்லர், பால் ஹார்னுங் போன்றவர்களிடம் கொடுத்து முட்டித் தள்ளும் அணி என்பதும் உண்மைதான். 2011இல் ராட்ஜர்ஸின் பாஸர் ரேட்டிங் 122.5. ஒரு முழு சீசனில் அதற்கு முன் யாரும் அதைத் தொட்டதில்லை.

பாஸர் ரேட்டிங் பற்றி ஒரு எச்சரிக்கை. பிடிபட்ட விகிதம், எறிக்கு எத்தனை யார்டு, டச்டவுன் விகிதம், இன்டர்செப்ஷன் விகிதம் ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்த கணக்கு அது. உச்சம் 158.3. குவாட்டர்பேக் ஓடி எடுத்த யார்டு அதில் வராது, சாக் (எறியும் முன் பந்தோடு வீழ்த்தப்படுவது) வாங்கி இழந்ததும் வராது. 1973இல் லீக் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்ட சூத்திரம் என்பதால் அன்றைய சராசரிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. காலம் கடந்து ஒப்பிட அது உதவாது. ஆனால் அதே ஆண்டின் மற்றவர்களோடு ஒப்பிட நன்றாக உதவும். ஸ்டார் 1962, 1964, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக்கின் முதல் எறிவீரர். ஹெர்பர் 1932, 1934, 1936 ஆண்டுகளில். ராட்ஜர்ஸ் 2011, 2012, 2020, 2021. இந்த "எத்தனை முறை தன் காலத்தில் முதலிடம்" என்ற கணக்குதான் நான் அதிகம் நம்புவது. எளிமையானது, ஏமாற்றாது.

1932க்கு முன் லீக் புள்ளிவிவரமே வைத்துக்கொள்ளவில்லை. அதனால் 1929, 1930, 1931 என்று தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற அணியில் குவாட்டர்பேக்காக ஆடிய ரெட் டன்னை அளக்க நமக்கு அளவுகோலே கிடையாது. அவரை எங்காவது செருகிவைப்பதைவிட, எண் போடாமல் மரியாதையோடு தனியே வைப்பது நேர்மை.

படி 5: வெற்றிக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

பிளேஆஃப் என்பது வழக்கமான சீசனுக்குப் பின் வரும், தோற்றால் வெளியேறும் சுற்று. "ஸ்டார் பிளேஆஃபில் 9 வெற்றி, 1 தோல்வி" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அந்த 9இல் ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

1965 டிசம்பர். பால்டிமோர் கோல்ட்ஸுடன் பிளேஆஃப். பேக்கர்ஸின் முதல் வாய்ப்பிலேயே பந்து நழுவி, கோல்ட்ஸ் வீரர் அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். அவரைத் தடுக்கப் போன ஸ்டாருக்கு விலாவில் அடி. அதோடு வெளியே போனவர், எறிய வரவே இல்லை. மீதி ஆட்டம் முழுவதும் ஆடியவர் மாற்று குவாட்டர்பேக் ஜீக் பிராட்கவ்ஸ்கி. கூடுதல் நேரத்தில் 13-10 என்று ஜெயித்தார்கள். புள்ளிவிவரத்தில் அந்த வெற்றி தொடங்கிய ஆளான ஸ்டாரின் பெயரில் நிற்கிறது.

ஸ்டாரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. வெற்றி என்பது 40க்கும் மேற்பட்டோர் கூடிச் செய்வது. அதை ஒருவர் பெயரில் எழுதும்போது என்ன நடக்கிறது என்று காட்டவே சொல்கிறேன். வழக்கமான சீசனில் (வெற்றி-தோல்வி-சமன்) ஸ்டார் 94-57-6, ஃபார்வ் 160-93, ராட்ஜர்ஸ் 147-75-1. இவற்றை எழுதி வையுங்கள், ஆனால் மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தற்காப்பு அணிக்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்து இவர்களுக்கே கொடுத்துவிடுவீர்கள்.

படி 6: பெரிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

வெற்றி தோல்வியை ஒதுக்கிவிட்டு, அந்த ஆட்டத்தில் அந்த மனிதர் என்ன செய்தார் என்று பாருங்கள். அதிக நேரம் எடுக்கும் படி இது. அவசரப்பட வேண்டாம்.

ஸ்டாரின் பிளேஆஃப் எண்கள்: 15 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 104.8. அந்தக் காலத்தில், ஆண்டின் மிகக் கடினமான எதிரிகளுக்கு எதிராக. 1966 என்எஃப்எல் (தேசியக் கால்பந்து லீக்) இறுதியில் டல்லாஸில் 304 யார்டு, 4 டச்டவுன். சூப்பர் பவுல் எனப்படும் மாபெரும் இறுதிப் போட்டி முதல் இரண்டு முறை நடந்தபோதும் ஆட்டத்தின் எம்விபி அவரே.

பிறகு 1967 டிசம்பர் 31. லாம்போ மைதானம், மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். டல்லாஸ் கவ்பாய்ஸ் ஸ்டாரை அன்று 8 முறை பந்தோடு வீழ்த்தியது. பேக்கர்ஸ் 14-17 என்று பின்தங்கி இருந்தது. 5 நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது எல்லைக்கோட்டிலிருந்து 68 யார்டு தள்ளிப் பந்து கிடைத்தது. உறைந்த தரையில், மரத்துப்போன விரல்களோடு, ஸ்டார் அணியை எல்லைக்கோட்டின் வாசல்வரை கொண்டுவந்தார். 16 நொடிகள் மிச்சம், இனி நேரத்தை நிறுத்திக்கேட்க வாய்ப்பு இல்லை. ஓட்டக்காரர்களுக்குத் தரை வழுக்குகிறது, தானே நுழைந்துவிடலாம் என்று பயிற்சியாளர் லொம்பார்டியிடம் சொன்னவர் ஸ்டார். தன்னைக் காக்கும் வரிசைக்காரர் ஜெரி கிரேமரின் முதுகுக்குப் பின்னால் நுழைந்தார். 21-17. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வாய்ப்பிலும் என்ன செய்வது என்று தேர்ந்தெடுத்ததும் பெரும்பாலும் குவாட்டர்பேக்தான். இன்றுபோல் தலைக்கவசத்துக்குள் குரல் வராது. ஸ்டாருக்கு மதிப்பெண் போடும்போது பலர் மறப்பது இந்த வேலையைத்தான்.

ராட்ஜர்ஸுக்கு வருவோம். 2010 சீசனில் ஆறாம் இடத்திலிருந்து பிளேஆஃபுக்குள் நுழைந்து, பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ மூன்றையும் அவரவர் ஊரிலேயே வென்று, 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வீழ்த்தினார். அட்லாண்டாவில் எறிந்த 36இல் 31 பிடிபட்டன. குவாட்டர்பேக் ஆட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் போட்டுக் காட்டும் ஆட்டம் அது. இறுதியில் 304 யார்டு, 3 டச்டவுன், எம்விபி.

அதற்குப் பின் சூப்பர் பவுலுக்குப் போகவே இல்லை. மாநாட்டு இறுதியில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று) நான்கு தோல்விகள்: 2014, 2016, 2019, 2020 சீசன்கள். எல்லாமே அவர் தப்பா? சியாட்டிலில் 2014இல் கெண்டைக்கால் காயத்தோடு ஆடினார். கடைசி நிமிடங்களில் கைக்கு வந்த ஆட்டத்தை மற்றவர்கள் நழுவவிட்டார்கள். டாம்பா பேவுக்கு எதிராக, 8 புள்ளி பின்தங்கியிருக்கும்போது, நான்காவது வாய்ப்பில் அவரிடமிருந்து பந்தை வாங்கி மூன்று புள்ளிக்கு உதைக்கச் சொன்னது பயிற்சியாளர் குழு. ஆனால் 2022 ஜனவரியில் சொந்த மைதானத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 13-10 என்று தோற்ற ஆட்டத்தில், எம்விபி ராட்ஜர்ஸின் தாக்குதல் மொத்தமே 10 புள்ளிதான் எடுத்தது. அதற்கு அவர் பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும்.

ஃபார்வின் ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பலமாக இருக்க வேண்டும். 1997 ஜனவரியில் சூப்பர் பவுலில் ஆண்ட்ரே ரைசனுக்கு 54 யார்டு, அன்டோனியோ ஃப்ரீமனுக்கு 81 யார்டு. 2003 டிசம்பரில் தந்தை இறந்த மறுநாள் ஓக்லாண்டில் 399 யார்டு, 4 டச்டவுன். அந்த ஆட்டத்தை இன்று பார்த்தாலும் கண் கலங்கும். மறுபக்கம், 2001 சீசன் பிளேஆஃபில் செயின்ட் லூயிஸில் 6 இன்டர்செப்ஷன். 2004 ஜனவரியில் பிலடெல்பியாவில் கூடுதல் நேரத்தில் ஒன்று. 2008 ஜனவரியில், நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக, லாம்போவின் உறைபனியில், மறுபடி கூடுதல் நேரத்தில் ஒன்று. பேக்கர்ஸுக்காக அவர் எறிந்த கடைசி பந்து அதுதான். அந்த இரண்டு பந்துகளையும் எறியாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்காத பேக்கர்ஸ் ரசிகர் இருக்க முடியாது.

படி 7: சுற்றி யார் இருந்தார்கள்?

ஸ்டாருக்கு லொம்பார்டி. அவர் வருவதற்கு முன், 1958இல், அணி 1-10-1. ஸ்டாரின் கணக்கு 3 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். 1956 டிராஃப்டில் 17ஆவது சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். லொம்பார்டி 1959இல் வந்தபோதுகூட முதலில் தொடங்கியது லாமர் மெக்ஹான். அந்த அணியில் ஃபாரஸ்ட் கிரெக், ரே நிட்ச்கி, ஹெர்ப் ஆடர்லி, வில்லி டேவிஸ் என்று ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். ஸ்டாருக்குக் கழிக்க வேண்டியது இங்கேதான். நான் தாராளமாகவே கழிக்கிறேன்.

ஃபார்வுக்குப் பயிற்சியாளர் மைக் ஹோம்கிரனும் தற்காப்பு வீரர் ரெஜி வைட்டும் இருந்தார்கள். 1996 அணியின் தற்காப்பு லீக்கிலேயே குறைந்த புள்ளி கொடுத்தது. அந்த சூப்பர் பவுலின் எம்விபிகூட 99 யார்டு ஓடித் திருப்பிய டெஸ்மண்ட் ஹவர்ட்தான். ராட்ஜர்ஸுக்கு 2010இல் நல்ல தற்காப்பு கிடைத்தது, 2011க்குப் பின் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை.

படி 8: உச்சம், நீளம்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஃபார்வ் 1992 செப்டம்பர் 27இல் தொடங்கி பேக்கர்ஸுக்காகத் தொடர்ச்சியாக 253 ஆட்டங்கள் தொடங்கினார். ஒன்றுகூட விடவில்லை. உடைந்த கட்டைவிரலோடும் ஆடினார். கிடைக்கும் ஆள் என்பதே ஒரு திறமை. ராட்ஜர்ஸ் 2013லும் 2017லும் காறை எலும்பு உடைந்து வெளியே இருந்தபோது அணி பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நீளத்தில் ஃபார்வுக்கு முழு மதிப்பெண்.

படி 9: மதிப்பெண் போடுங்கள், பிறகு அசைத்துப் பாருங்கள்

100 மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரிக்கிறேன்: தன் காலத்தோடு ஒப்பிட்ட ஆட்டத்திறன் 35, பெரிய ஆட்டங்கள் 30, நீளமும் நிலைத்தன்மையும் 20, சூழலைக் கணக்கில் எடுத்த நியாயம் 15. இவை என் மதிப்பெண்கள்; ஒவ்வொன்றுக்கும் காரணம் மேலே சொல்லியாயிற்று.

ஸ்டார்: 30, 30, 16, 9. மொத்தம் 85.
ராட்ஜர்ஸ்: 35, 18, 18, 13. மொத்தம் 84.
ஃபார்வ்: 29, 19, 20, 12. மொத்தம் 80.

ஒரு மதிப்பெண் வித்தியாசம். இப்போது பிரிப்பை மாற்றிப் பாருங்கள். பெரிய ஆட்டங்களிலிருந்து 10ஐ எடுத்து ஆட்டத்திறனோடு சேர்த்தால் ராட்ஜர்ஸ் 88, ஸ்டார் 84. இடம் மாறிவிடுகிறது. இப்படி அசைத்துப் பார்க்கும்போது நகராத இடம் எது, நகரும் இடம் எது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் படியின் பயன். ஃபார்வ் இந்த அசைப்பிலும் மூன்றிலேயே நிற்கிறார். முதல் இரண்டும் நீங்கள் எதை அதிகம் மதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் மதிப்பது டிசம்பர் 31ஐ. ஸ்டார் முதலிடம், ராட்ஜர்ஸ் இரண்டாமிடம்.

படி 10: நான்கு முதல் ஒன்பது வரை

நல்ல வரிசைக்கும் சோம்பேறி வரிசைக்கும் வித்தியாசம் தெரிவது இங்கே. முதல் மூன்றை யாரும் எழுதிவிடலாம்.

நான்கில் ஹெர்பர். கிரீன் பேயிலேயே பிறந்து வளர்ந்தவர். குட்டை விரல்கள், அதனால் கட்டைவிரலைத் தையல்மேல் வைத்து ஒரு தனிப் பிடியில் எறிந்தார். 1935இல் டான் ஹட்சன் பிடித்த முதல் பந்து, சிகாகோ பேர்ஸுக்கு எதிராக 83 யார்டு டச்டவுன், ஹெர்பர் எறிந்தது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 7-0. ஐந்தில் இஸ்பெல். 1942இல், வெறும் 11 ஆட்டங்களில், 2,021 யார்டு, 24 டச்டவுன். ஒரு சீசனில் 2,000 யார்டைக் கடந்த முதல் ஆள். உச்சத்தை மட்டும் பார்த்தால் ஹெர்பரைவிட மேல். ஆனால் அந்த சீசனோடு விலகி, தான் படித்த பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சி தரப் போய்விட்டார். ஐந்தே ஆண்டுகள். இன்னும் மூன்று ஆண்டு ஆடியிருந்தால் இந்தப் பட்டியலில் எங்கே இருந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆறில் லின் டிக்கி. 1983இல் 4,458 யார்டு, 32 டச்டவுன், கூடவே 29 இன்டர்செப்ஷன். அந்த யார்டுக் கணக்கு 2011வரை அணியின் சாதனையாக நின்றது. அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை இரவு நடப்புச் சாம்பியன் வாஷிங்டனை 48-47 என்று சாய்த்தார்கள். ஆனாலும் சீசன் முடிவு 8-8, காரணம் தற்காப்பு. கால் உடைந்து 1978 சீசன் முழுவதையும் இழந்த மனிதர் திரும்பிவந்து செய்தது இது.

எட்டில் டோபின் ரோட். 1956இல் 18 டச்டவுன் எறிந்து, 11 டச்டவுன் ஓடியும் எடுத்தார், அணி 4-8. ஏறக்குறைய தனியாளாக இழுத்த தேர். மறுவருடம் டெட்ராய்ட்டுக்குப் போய் அங்கே பட்டம் வென்றார். ஒன்பதில் டான் மஜ்கௌஸ்கி. 1989இல் 4,318 யார்டு, 27 டச்டவுன், 10-6. பேர்ஸுக்கு எதிரான 14-13 வெற்றி ரீப்ளே பார்த்து உறுதியான ஒன்று. அடுத்த ஆண்டு தோளில் அடி. 1992இல் அவர் காயம்பட்டு வெளியேறிய ஆட்டத்தில்தான் ஃபார்வ் உள்ளே வந்தார்.

ஏழாம் இடத்தை விட்டுவிட்டேன். அது ஜோர்டன் லவ்வுக்கு. ராட்ஜர்ஸைப் போலவே மூன்று சீசன் காத்திருந்து, 2023இல் 4,159 யார்டு, 32 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். பிளேஆஃபில் டல்லாஸுக்குப் போய் 48-32. ஏழாம் இடத்திலிருந்து நுழைந்து ஒரு அணி பிளேஆஃப் ஆட்டம் வென்றது அதுவே முதல்முறை. அன்று அவருடைய ரேட்டிங் 157.2, உச்சத்துக்கு ஒன்றே சொச்சம் குறைவு. 2024இல் 25 டச்டவுன், 11-6, பிலடெல்பியாவிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. இரண்டு முழு சீசன் என்ற என் விதியை அதோடு தாண்டிவிட்டார். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை முடிந்த கணக்குகளுக்கு நடுவே வைப்பதால், அவர் பெயரை மட்டும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் எடுத்து, நான்காம் படியிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். டிக்கியைத் தாண்ட அவருக்குத் தேவை 2023 போல இன்னொரு சீசன்.